தினமும் 1.5 ஜிபி, மதியமே காலி: சித்தி போனில் டேட்டா போன வழி

கோவில்பட்டியில் என் சித்தி வீட்டிலேயே மெஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறார், ஆரி வேலையும் செய்கிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும்: டிசைன் படம், அளவு ப்ளவுஸின் படம், கழுத்து இப்படி வேண்டும் என்று காட்டும் சின்ன வீடியோ. போனில் 28 நாள் பேக், நாளுக்கு 1.5 ஜிபி. சில மாதங்களாகவே அது மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. வேலைக்குப் போகும் பெண்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் படம் அனுப்புவார்கள், அந்த நேரத்தில் ஒரு படமும் திறக்காது, அவசரத்துக்குக் கூடுதல் டேட்டா பேக் போடுவார், அடிக்கடி போட்டுப் போட்டு அது ஒரு தனிச் செலவாகவே ஆகிவிட்டது. "கம்பெனிக்காரன் எடுத்துக்கிறான்யா, நான் என்ன அவ்வளவா பார்க்கிறேன்?" என்று கேட்டார். உண்மையாகவே அவர் அவ்வளவு பார்ப்பதில்லை, பகல் முழுக்க மெஷினில் இருப்பவர். அதனால் போனை வாங்கி, ஒவ்வொரு எம்பியும் எங்கே போகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் வைஃபை கிடையாது. டேட்டாவை மிச்சப்படுத்தச் சொல்லும் யோசனைகளில் பாதி "வைஃபையில் மட்டும்" என்ற இடத்தைத் தொட்டுவிட்டு முடிந்துவிடும். வைஃபையே இல்லாத வீட்டில் அப்படி மாற்றினால் பேக்கப்பும் (போனில் உள்ளதன் நகலை இணையத்தில் ஏற்றி வைப்பது) அப்டேட்டும் நடக்கவே நடக்காது, ஒரு நாள் போன் கீழே விழுந்து உடைந்தால் வாடிக்கையாளர் அளவுகள் எல்லாம் போய்விடும். எனவே எதை நிறுத்துவது என்பதோடு, நிறுத்தியதை எந்த நேரத்தில் செய்வது என்றும் யோசிக்க வேண்டியிருந்தது.

1.5 ஜிபி முடிந்தபின் என்ன நடக்கிறது

இந்த வகை பேக்கில் அளவு தீர்ந்ததும் இணையம் நின்றுவிடாது, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். இது பிட் கணக்கு, எட்டால் வகுத்தால் விநாடிக்கு 8 கிலோபைட். அதாவது 200 கேபி படம் ஒன்று வர 25 விநாடி, 1 எம்பி வர இரண்டு நிமிடத்துக்கும் மேல், அதுவும் வேறு எந்த ஆப்பும் குறுக்கே வராமல் இருந்தால். வாட்ஸ்அப்பில் எழுத்து மட்டும் உள்ள செய்தி போய்வரும், படம் சுற்றிக்கொண்டே இருக்கும். சித்தி சொன்ன அறிகுறி இதேதான். நள்ளிரவு 12 மணிக்குப் புது அளவு வந்ததும் வேகம் திரும்பிவிடும். மிச்சமான டேட்டா மறுநாளுக்குச் சேராது, இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நமக்கு உதவப்போகிறது.

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்தது

இந்த மாதிரி வேலையில் எடுத்தவுடனே நாலு சுவிட்சை அணைத்துவிடலாம் என்றுதான் கை போகும். அப்படிச் செய்தால் டேட்டா மிச்சமாகலாம், ஆனால் எதனால் மிச்சமானது என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி தீர்ந்தால் முதலிலிருந்து தேட வேண்டும். அதனால் முதலில் அளவு எடுத்தேன்.

பழைய நாட்களின் அளவு ஏற்கெனவே போனிலேயே இருந்தது. நாள் அளவில் 50 சதவீதம் தீர்ந்தால் ஒரு எஸ்எம்எஸ், 90 சதவீதம் தீர்ந்தால் இன்னொன்று என்று சித்தியின் எண்ணுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. விளம்பரச் செய்திகளுக்கு நடுவில் கிடப்பதால் அவர் அதைத் திறந்ததே இல்லை. இன்பாக்ஸில் அந்தச் செய்திகளை மட்டும் தேடி எடுத்து, வந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். 50 சதவீதச் செய்தி பெரும்பாலும் காலை எட்டு மணிக்கு முன்பே வந்திருக்கிறது, சில நாள் அதிகாலையிலேயே. சித்தி வாசல் தெளித்து, அடுப்பு வேலையை முடித்து, போனை நிதானமாகக் கையில் எடுப்பதே எட்டரைக்கு மேல்தான். ஆக, அவர் பார்ப்பதற்கு முன்பே பாதி போயிருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது இதே புகாரைச் சொன்னால் முதலில் இந்த எஸ்எம்எஸ் நேரங்களைப் பாருங்கள், வேறு எந்த ஆப்பும் போடாமலே பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்து, படுக்கும் முன் நெட்வொர்க் கம்பெனியின் ஆப்பில் மீதியைப் பார்த்துக் குறித்தேன், பூஜ்யம். காலை ஆறு மணிக்கு மறுபடி பார்த்தேன், கிட்டத்தட்ட 900 எம்பிதான் இருந்தது. இரவு முழுக்க யாரும் தொடாமல் மேஜையில் கிடந்த போன் 600 எம்பியைச் செலவு செய்திருக்கிறது.

கம்பெனி எடுக்கவில்லை, போனேதான் எடுத்திருக்கிறது என்பதைச் சித்தியிடம் காட்ட, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் சிம்மைத் தொட்டு, 'ஆப் டேட்டா யூசேஜ்' என்ற இடத்தைத் திறந்தேன். ஒவ்வொரு போனிலும் இது ஒவ்வொரு பெயரில் ஒளிந்திருக்கும், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் 'டேட்டா' என்று அடித்தால் வந்துவிடும். எந்த ஆப் எவ்வளவு என்று அதிகத்திலிருந்து குறைவாக வரிசையாகக் காட்டும். ஒரு ஆப்பைத் தொட்டால் அது இரண்டாகப் பிரியும்: ஃபோர்கிரவுண்ட், அதாவது நாம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆனது, பேக்ரவுண்ட், அதாவது நாம் பார்க்காதபோது ஆனது. நிறைய பேர் மொத்தத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், எனக்கு இந்தப் பிரிவுதான் எல்லாவற்றையும் விட உதவியது. ஆனால் இந்தப் பக்கம் மாதச் சுழற்சிக் கணக்கில் காட்டும், நமக்கு வேண்டியது நாள் கணக்கு. அதனால் இரவில் முதல் சில ஆப்களின் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, காலையில் அதே பக்கத்தைத் திறந்து கழித்துப் பார்த்தேன். சில போன்களில் 'இன்று' என்று தேர்ந்தெடுக்கும் வசதியே இருக்கும், இருந்தால் கழித்தல் வேலை மிச்சம்.

போன் காட்டும் எண்ணும் கம்பெனி ஆப் காட்டும் எண்ணும் அச்சாகப் பொருந்தாது. கம்பெனியின் எண்தான் கடைசிக் கணக்கு, போனின் எண் ஆப் வாரியாகப் பிரித்துப் பார்ப்பதற்கு.

இரவில் போன 600 எம்பி

கழித்துப் பார்த்ததில் முதல் இடம் கூகுள் போட்டோஸ், கிட்டத்தட்ட எல்லாமே பேக்ரவுண்டில். அடுத்தது வாட்ஸ்அப், அதன் பின்னால் பிளே ஸ்டோர். மூன்றும் சேர்ந்தால் இரவுக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

போட்டோஸ் ஏன் இவ்வளவு? உள்ளே போய்ப் பார்த்தால், பேக்கப்புக்கு மொபைல் டேட்டா அளவு 'அன்லிமிடெட்' என்று இருக்கிறது, கேமரா படங்களோடு வாட்ஸ்அப் படம், வாட்ஸ்அப் வீடியோ ஃபோல்டர்களும் பேக்கப்பில் சேர்ந்திருக்கின்றன. போன் மாற்றியபோது அந்த ஆப் 'இந்த ஃபோல்டரையும் சேமிக்கவா' என்று கேட்டிருக்கும், சரி என்று தொட்டிருப்பார்கள். வாட்ஸ்அப்பிலும் பார்த்தேன்: தினசரி பேக்கப், வீடியோவும் சேர்த்து, மொபைல் டேட்டாவிலும் அனுமதி. இந்தப் பேக்கப் வழக்கமாக இரவு இரண்டு மணி வாக்கில் ஓடும்.

இப்போது ஒரு வீடியோவின் பயணத்தைப் பாருங்கள். குடும்பக் குரூப்பில் ஒருவர் காலை வணக்கம் வீடியோ போடுகிறார், 15 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோ டவுன்லோட் இருப்பதால் சித்தி திறக்காமலே அது போனுக்குள் வருகிறது, 15. வாட்ஸ்அப் வீடியோ ஃபோல்டரில் விழுந்ததைப் போட்டோஸ் மேலே ஏற்றுகிறது, இன்னொரு 15. இரவில் வாட்ஸ்அப் பேக்கப் அதையே தன் பங்குக்கு ஏற்றுகிறது, மறுபடி 15. யாரும் பார்க்காத ஒரு வீடியோவுக்கு 45 எம்பி. பதிவேற்றமும் அதே 1.5 ஜிபியில்தான் கழியும் என்பது பலருக்குத் தெரியாது, டேட்டா என்றால் இறக்குவது மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். சித்திக்கு நான் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "ஏய்யா, அப்போ நான் டிசைன் படம் அனுப்புறதும் கழியுமா?" கழியும்.

நள்ளிரவில் ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மதியம் அளவு தீர்ந்து வேகம் இறங்கியபின் போட்டோஸ் ஏற்ற வேண்டியவை ஒன்றும் ஏறாமல் தேங்கி நிற்கின்றன. தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே வரிசையில் குடம் போட்டு வைப்பார்களே, அதுபோல 12 மணிக்கு வேகம் திரும்பிய நிமிடமே தேங்கியவை எல்லாம் முதலில் நிரப்பிக்கொள்கின்றன, எட்டு மணிக்குக் குடத்தோடு வரும் சித்திக்கு மீதிதான். இன்னும் மோசமான பகுதி சாயங்காலம். விநாடிக்கு 8 கிலோபைட்தான் இருக்கிறது, அதிலும் பேக்கப் விடாமல் ஏற்ற முயன்றுகொண்டே இருந்தால் வாடிக்கையாளரின் படத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்? டேட்டா தீர்ந்தபின் அவர் போன் மற்றவர்கள் போனை விடவும் முடங்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றியவை, ஒவ்வொன்றாக

போட்டோஸில் மொபைல் டேட்டா அளவை 'நோ டேட்டா' என்று வைத்தேன், வாட்ஸ்அப் ஃபோல்டர்களை பேக்கப்பிலிருந்து எடுத்தேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏற்றுவது எல்லாம் கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தில்தான் கழிகிறது, 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே இடத்துக்குள் வந்துவிட்டது. ஒரே வீடியோவை இரண்டு இடத்தில் வைத்து இடத்தையும் நிரப்ப வேண்டாம்.

அன்று வேறு எதையும் தொடவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு மீதி தெளிவாகக் கூடியிருந்தது, பெரிய ஓட்டை அதுதான் என்று உறுதியானது. அப்புறம்தான் வாட்ஸ்அப்புக்குப் போனேன். 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில், மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதற்கு இருந்த நான்கு டிக்கையும் எடுத்தேன்: படம், ஆடியோ, வீடியோ, டாக்குமெண்ட். சித்தி கொஞ்சம் தயங்கினார், வாடிக்கையாளர் படமும் வராதே என்று. வரும், மங்கலாகத் தெரியும், தொட்டால் இறங்கும். இரண்டு நாளில் பழகிவிட்டது. அதே பகுதியில் 'நெட்வொர்க் யூசேஜ்' என்று ஒரு பக்கம் உண்டு, அழைப்பு, மீடியா, ஸ்டேட்டஸ், பேக்கப் என்று தனித்தனியாக அனுப்பியது, பெற்றது இரண்டையும் காட்டும். அதை ரீசெட் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வாட்ஸ்அப்புக்குள்ளேயே எது தின்கிறது என்று தெரியும். சித்தி போனில் பேக்கப்புக்கு அடுத்தபடி ஸ்டேட்டஸ் இருந்தது, அதில் நான் கை வைக்கவில்லை, சொந்தக்காரர்கள் ஸ்டேட்டஸ் பார்ப்பது அவருடைய பொழுது. அழைப்புகளுக்கு 'யூஸ் லெஸ் டேட்டா' மட்டும் போட்டேன். சாதாரணப் போன் பேச்சு இந்த 1.5 ஜிபியில் கழியாது, வாட்ஸ்அப் அழைப்பு கழியும் என்பதையும் சொன்னேன். திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருக்கும் மகளோடு வெறும் பேச்சுக்கும் வாட்ஸ்அப்பையே பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

வாட்ஸ்அப் பேக்கப்பை முழுக்க நிறுத்த மனம் வரவில்லை. அளவுகளும் பேசிய கூலியும் அந்தச் சாட்களில்தான் இருக்கின்றன. வீடியோவை மட்டும் விலக்கினேன், தானாக ஓடுவதை நிறுத்தி, கையால் தொட்டால் மட்டும் ஓடும்படி வைத்தேன். எப்போது தொடுவது? மிச்சம் மறுநாளுக்குச் சேராது என்று மேலே சொன்னேனே, அதுதான் இங்கே உதவுகிறது. இரவு பத்தரைக்கு மேல் கம்பெனி ஆப்பில் மீதியைப் பார்ப்பது, நல்ல மீதி இருந்தால் வாட்ஸ்அப் பேக்கப் பட்டனைத் தொடுவது, அதன்பின்னும் இருந்தால் போட்டோஸில் மொபைல் டேட்டாவைத் திறந்துவிட்டு, படுக்கும் முன் மூடுவது. 12 மணிக்கு வீணாகப் போகிற டேட்டாவில் நடப்பதால் பேக்கப்புக்குத் தனிச் செலவே இல்லை. போட்டோஸில் நாளுக்கு இத்தனை எம்பி என்று வரம்பு வைக்கும் வசதியும் இருக்கிறது, மறந்துவிடுவோம் என்பவர்கள் சின்ன வரம்பு ஒன்றை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

பிளே ஸ்டோரில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்தினேன். ஆனால் பணம் அனுப்பும் ஆப், வங்கி ஆப், வாட்ஸ்அப் இவற்றைப் பழைய பதிப்பிலேயே விட்டுவைக்கக் கூடாது, பாதுகாப்புத் திருத்தங்கள் அப்டேட்டில்தான் வருகின்றன. ஞாயிறு இரவு மீதியில் அவற்றை மட்டும் கையால் அப்டேட் செய்யச் சொல்லியிருக்கிறேன். லாக் ஸ்கிரீனில் தினமும் புதுப்படமும் செய்தியும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது, அதையும் அணைத்தேன்.

பகலில் போவது

இரவு ஓட்டையை அடைத்தபின் பகல் கணக்கு தெளிவாகத் தெரிந்தது: யூடியூப், அதுவும் ஃபோர்கிரவுண்டில். பள்ளி விட்டு வரும் தம்பி, சித்தியின் மகன், பார்ப்பது ஒரு பங்கு, ஆனால் பெரிய பங்கு வேறு. சித்தி தைக்கும்போது முருகன் பாட்டு கேட்பார், யூடியூபில், போனைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு. படம் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வீடியோ விநாடிக்கு 1 மெகாபிட் என்ற அளவில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி, இது வெறும் பெருக்கல் கணக்கு. தரம் 'ஆட்டோ'வில் இருந்து சிக்னலும் நன்றாக இருந்தால் அதைவிட மேலே போகும். பாட்டுகளை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன், அந்தச் செலவு மொத்தமாகப் போய்விட்டது. பாட்டுக் கேட்பதற்கு யூடியூப் என்பது இப்போது எல்லா வீட்டிலும் பழக்கமாகிவிட்டது, டேட்டா குறைவாக உள்ளவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இது என்று உறுதியாகச் சொல்வேன்.

தரத்தைக் குறைப்பதில் ஒரே அளவை எல்லாவற்றுக்கும் வைக்க எனக்கு விருப்பமில்லை. யூடியூப் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க்குக்கு 'டேட்டா சேவர்' என்று வைத்துவிட்டேன், சீரியல் துண்டும் காமெடியும் அதில் போதுமான தெளிவோடு தெரியும். ஆனால் ஆரி வேலை கற்றுத்தரும் வீடியோவில் ஊசி எந்த இழைக்குள் நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று தெரிந்தால்தான் பயன், மங்கலாக ஓடினால் ஒரு மணி நேரம் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. அந்த வீடியோவுக்கு மட்டும் பற்சக்கரக் குறியைத் தொட்டு 720 வைக்கக் காட்டிக் கொடுத்தேன். தொழிலுக்கு வேண்டிய டேட்டாவை மிச்சப்படுத்தக் கூடாது, அதற்காகத்தான் மற்றதை எல்லாம் குறைக்கிறோம். முகப்புப் பக்கத்தில் விரல் நகர்த்தும்போதே வீடியோக்கள் தானாக ஓடுவதையும் 'ப்ளேபேக் இன் ஃபீட்ஸ்' என்ற இடத்தில் அணைத்தேன், ஃபேஸ்புக்கிலும் ஆட்டோப்ளேயை அணைத்தேன்.

தம்பியின் விளையாட்டு ஒன்று இணையமே தேவைப்படாதது, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் வீடியோ விளம்பரம் வரும். சித்தியின் போனில் ஒரு ஆப்புக்கு மொபைல் டேட்டாவை முழுக்க மூடும் வசதி இருந்தது, மூடிவிட்டேன், விளையாட்டு ஓடுகிறது, விளம்பரம் வருவதில்லை. சில போன்களில் பேக்ரவுண்ட் டேட்டாவை மட்டும்தான் நிறுத்த முடியும், அங்கே நெட்கார்ட் என்ற திறமூல ஆப்பைப் போடலாம். அது போனுக்குள்ளேயே ஒரு விபிஎன், அதாவது எல்லா ஆப்பின் இணையப் போக்குவரத்தும் கடந்துபோகும் ஒரு தனி வழி அமைத்து, நாம் சொல்லும் ஆப்பை மட்டும் தடுக்கும், நம் தகவலை வெளியே எந்த சர்வருக்கும் திருப்பி அனுப்பாது.

கடைசியாக 'டேட்டா சேவர்'. 2016இல் ஆண்ட்ராய்டு 7இல் வந்த வசதி இது, போட்டால் திறந்திருக்காத ஆப்கள் மொபைல் டேட்டாவைத் தொட முடியாது. முதலிலேயே இதைப் போட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்குமே என்று கேட்கலாம். அப்படியே போட்டால் செய்திகள் தாமதமாக வரலாம், பணம் வந்த அறிவிப்பு வராமல் போகலாம், ஆர்டர் எடுப்பவருக்கு அது சரிப்படாது. அதனால் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' பட்டியலில் வாட்ஸ்அப்பையும் பணம் அனுப்பும் ஆப்பையும் சேர்த்துவிட்டு, பிறகுதான் போட்டேன்.

வார இறுதி லேப்டாப்

இத்தனைக்குப் பிறகும் ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கே 90 சதவீதச் செய்தி வந்துவிட்டது. ஆப் பட்டியலில் 'ஹாட்ஸ்பாட்' வரிசை, அதாவது போனின் டேட்டாவை வேறு கருவிக்கு வைஃபையாகக் கொடுத்த கணக்கு, மேலே ஏறியிருந்தது. டேட்டா சேவர் போட்டிருந்தால் பொதுவாக ஹாட்ஸ்பாட் ஓடாது, ஹாஸ்டலிலிருந்து வந்த தங்கச்சி அதை அணைத்துவிட்டு லேப்டாப்பை இந்தப் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருக்கிறாள். லேப்டாப்புக்கு அது வைஃபைதான், அளவுள்ள டேட்டா என்று அதற்குத் தெரியாது, விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கிவிட்டது. விண்டோஸில் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதைப் போட்டேன், இது அளவுள்ள டேட்டா என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான், இனி பெரும்பாலான அப்டேட்கள் ஹாஸ்டல் வைஃபை வரும்வரை காத்திருக்கும். அதே லேப்டாப்பில் 'டேட்டா யூசேஜ்' பக்கத்தில் எந்த நிரல் எவ்வளவு எடுத்தது என்றும் தெரிகிறது, கிளவுட் சேமிப்புக்கான நிரல் ஒன்று அப்டேட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்தது, அதற்கும் தானாக ஏற்றுவதை நிறுத்தச் சொன்னேன். ஹாட்ஸ்பாட் கடவுச்சொல்லையும் மாற்றினேன், பக்கத்து வீட்டுப் பையன்களுக்கும் பழையது தெரிந்திருந்தது.

இப்போது 50 சதவீதச் செய்தி பிற்பகலில்தான் வருகிறது, தம்பிக்குப் பள்ளி விடுமுறை என்றால் கொஞ்சம் முன்னால். இரவு படுக்கும்போது மீதி இருக்கிறது, கூடுதல் பேக் போடும் தேவை வரவில்லை. அடுத்த ரீசார்ஜில் நாளுக்கு 1 ஜிபி பேக்குக்கு இறங்கலாமா என்று சித்தி கேட்டார், வேண்டாம் என்றேன். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வரும் படங்களின் எண்ணிக்கையே தனி, அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இனி பாக்கி இருப்பது போனின் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் பழைய வீடியோக்கள், வாட்ஸ்அப்பில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறந்து பெரியவற்றை எடுக்க வேண்டும். ஆனால் எது வாடிக்கையாளர் டிசைன், எது வெறும் காலை வணக்கம் என்று எனக்குத் தெரியாது என்பதால், சித்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத்தான் அதைச் செய்ய வேண்டும்.